நங்கநல்லூருக்குப் போன எலி

தப்பு என்னுடையதுதான். வாசித்து முடித்ததும் மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் நாதத்துக்காக ஒட்டிய ரவையைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். முப்பது வருஷமாக வாசிக்கிறேன். அன்றைக்குச் சோம்பலில் விட்டுவிட்டேன். எலி ரவையோடு நிற்கவில்லை, தோலையும் சேர்த்துக் குதறிவிட்டது. மறுநாள் மயிலாப்பூரில் கச்சேரி. பாடுகிறவளுக்கு ஐந்து கட்டைச் சுருதி. அதற்குச் சேரும் மிருதங்கம் என்னிடம் அது ஒன்றுதான். புதுத் தோல் போட நான்கு நாளாகும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

மசால்வடை வைத்த கூண்டில் மத்தியானமே மாட்டிக்கொண்டது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூண்டோடு வாளித் தண்ணீரில் முக்கிவிடத் தூக்கிக்கொண்டு போனேன். என் மனைவி ஜெயலக்ஷ்மி குளியலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஆத்துல உயிரை வதைக்கப்படாது. எங்கயாவது தூரமாக் கொண்டுபோய் விட்டுட்டு வாங்கோ.”

தூரம் என்றதும் ராமானுஜம் ஞாபகம் வந்தான். அவனும் மிருதங்கக்காரன்தான். எனக்குக் கை நடுங்குகிறது என்று சபா செக்ரட்டரி காதில் ஓதி, போன மார்கழியில் என் கச்சேரியைத் தட்டிக்கொண்டு போனவன். நங்கநல்லூரில் வீடு நிறைய மிருதங்கம் வைத்திருக்கிறான். எலியைக் கொல்லக்கூடாது, அவ்வளவுதானே? அங்கே போய்க் குட்டி போட்டுக் குடும்பம் நடத்தட்டும்.

“நங்கநல்லூருக்குப் போயிட்டு வரேன்” என்றேன். ஜெயலக்ஷ்மி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

கூண்டைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டினேன். கிண்டி சிக்னலில் பைக்குள் கீச்சென்றது. “பொறு, நல்ல இடமாத்தான் பார்த்திருக்கேன்” என்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் யார் வீட்டுக்கும் போனதில்லை.

அவன் வாசலில் குனிந்து கூண்டைத் திறந்தேன். எலி வெளியே வர மறுத்தது. உலுக்கினேன். கம்பிக் கதவில் புகுந்து கூடத்துக்குள் ஓடியே போய்விட்டது. கூண்டைப் பைக்குள் போட்டு நிமிர்வதற்குள் ராமானுஜம் வந்து கதவைத் திறந்தான்.

“வாங்கோ அண்ணா. மன்னி ஃபோன் பண்ணினா. வாய்விட்டுக் கேக்க அவருக்குக் கூச்சமா இருக்கும், நீயே எடுத்துக் குடுத்துடுன்னா.”

என்னை உட்கார வைத்து, ஐந்து கட்டை மிருதங்கத்தை உறையோடு மடியில் வைத்தான். நான் நங்கநல்லூர் என்றதை ஜெயலக்ஷ்மி அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“மார்கழியில நான் பேசினது அயோக்கியத்தனம் அண்ணா. நேர்ல வந்து சொல்ல தைரியம் இல்லை. நீங்களே வந்துட்டேள்.”

இந்த வார்த்தையை அவன் வாயால் கேட்கத்தான் பத்து மாதமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். கேட்டபோது காதில் ஏறவே இல்லை. அவனுக்குப் பின்னால் சுவரோரம் எட்டு மிருதங்கங்கள் நின்றன. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பையிலிருந்து கூண்டை எடுத்துத் தரையில் வைத்தேன். “இப்பவே வடை வெச்சுடு. உங்காத்துல எலி இருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் கொண்டுவந்து விட்டேன்.”

மிருதங்கத்தை அவன் பக்கம் நீட்டினேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. கூண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அந்த செக்ரட்டரி இந்த வருஷம் கச்சேரி லிஸ்ட்லேர்ந்து என் பேரையும் எடுத்துட்டான்” என்றான். “எலி மாட்டினதும் சொல்றேன் அண்ணா. அவன் ஆத்துக்கு ரெண்டு பேருமாப் போகலாம்.”