பாலத்துக்குப் பின்னால் கரடி

நெப்ராஸ்காவின் எண்பதாம் நெடுஞ்சாலையில் தம்பி கர்ட்டிஸின் லாரி முன்னால் போக, லோர்னா தன் லாரியில் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவன் வண்டி மறுபடியும் ஓரத்து மண்ணில் இறங்கி ஏறியது. இரண்டு ராத்திரியாகக் கண்மூடாதவன், தூக்கம் வராமலிருக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறான்.

ரேடியோ மைக்கை எடுத்தாள். "டேய், ஓரங்கட்டிப் படுடா. கெஞ்சிக் கேக்கறேன்."

"பேசாம வாக்கா. சரக்கு இன்னிக்கே இறங்கணும். எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஆகாதாம்! லாரி ஓட்டுகிறவர்கள் செய்யவே கூடாததை அவள் செய்தாள். போலீசைப் போனில் கூப்பிட்டு, சொந்தத் தம்பியின் வண்டி எண்ணைக் கொடுத்தாள். லைசென்ஸ் போனால் போகட்டும், பயல் உயிரோடு இருந்தால் போதும்.

லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில் போலீசுக்குப் பெயர் கரடி. கரடியைப் பார்த்தவன் எதிரே வருகிறவனுக்குச் சொல்லாமல் போகமாட்டான். இத்தனை வருஷமும் லோர்னாவும் சொல்லித்தான் வந்திருக்கிறாள், அதில் பெருமையும் பட்டிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "மேற்கே போறவங்களா, பாலத்துக்குப் பின்னாடி கரடி பதுங்கி நிக்குது. பார்த்துப் போங்கப்பா."

"நல்லாருப்பீங்கண்ணே!" என்றான் கர்ட்டிஸ். "நான் ஆத்தங்கரை ரோட்டுல இறங்கிக்கறேன்."

"இறங்காதடா! நேரா போடா!" என்று கத்தினாள் லோர்னா. அவன் இறங்கிவிட்டான்.

அந்தக் குறுகல் ரோட்டின் முதல் வளைவில் வண்டி திரும்பவே இல்லை. பின்னாலேயே இறங்கிய லோர்னா பார்த்தபோது அது ஆற்றுக்குள் தலைகுப்புறக் கிடந்தது.

அடக்கத்துக்கு லாரிக்காரர்கள் திரண்டு வந்தார்கள். ஒரு பெரியவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அன்னிக்கு ரேடியோவுல சொன்னது நான்தாம்மா. கரடிகிட்ட சிக்காமலாவது போய்ச் சேர்ந்தானே."

போலீசைக் கூப்பிட்டது நான்தான் என்று அவள் சொல்லவில்லை. அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அந்த இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தானே சொல்லியிருப்பாள்? அந்த நினைப்புதான் அவளைத் தின்றது.

அடுத்த மாதம் அதே பாலத்தைத் தாண்டினாள். அதன் பின்னால் அன்றைக்குப் போலவே கரடி பதுங்கி நின்றது. எதிரே வந்த லாரியிலிருந்து சின்ன வயசுக் குரல் ஒன்று கேட்டது: "அக்கா, அந்தப் பக்கம் எப்படி இருக்கு?"

லோர்னா மைக்கை வாயருகே வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா, ரோடு காலி. நேரா வா."