படிக்க மட்டும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். அலுவலகத்திலும் சொல்வார்கள், என் காதில் விழாமல். பதினெட்டு வருடமாக கம்ப்யூட்டர் சர்வர்களோடு மல்லுக்கட்டியே பிழைப்பு நடத்துகிறவனுக்கு வேறு என்ன குணம் வரும்? அதனால் தங்கச்சி போன் செய்து, "அண்ணா, அவரோட கம்ப்யூட்டர் நின்னுபோச்சு. உள்ள இருக்கிறத எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டபோது, அரை மணி நேர வேலை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

அவள் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. என் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் நடுவில் மாட்டிக்கொண்டாலும், எந்த நேரமானாலும், ஓட வேண்டும். தங்கச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வீட்டில் இருந்தால் இவள் இருக்க மாட்டாள், இவள் இருந்தால் தூங்கிக்கொண்டிருப்பாள். இதற்காக அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அலமாரிக்கு அடியில் வைத்து, அதையே வீட்டுக்குள் மட்டும் ஓடும் சர்வராக ஆக்கி, ஃபிரிட்ஜ் கதவில் ஒரு டேப்லெட்டை ஒட்டியிருந்தார். அதில் ஒரு பட்டனை அழுத்திப் பேசிவிட்டுப் போகலாம். அடுத்தவர் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம். முப்பது நாள் தாண்டிய பேச்சை அதுவே அழித்துவிடும். பழைய மெஷினில் இடம் குறைவு.

"இதெல்லாம் போன்லயே இருக்கே, மாப்பிள்ளை. எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எவனோ எங்கயோ வச்சிருக்கிற மெஷின்ல நம்ம வீட்டுப் பேச்சு எதுக்கு மச்சான் கிடக்கணும்?" என்றார்.

புத்தகத்தைப் பார்த்தும் வீடியோவைப் பார்த்தும் தானாகக் கற்றுக்கொண்டவர். நான் அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அரைகுறை என்பேன். சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பும்.

ஒரு சனிக்கிழமை காலை, புது மெஷினோடு போனேன். தங்கச்சி முந்தின இரவு வேலை முடித்து வந்திருந்தாள். தூங்கவில்லை.

"இத்தனை மாசம் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? அப்ப ஏன் கேக்கல?" என்றேன்.

"ஓடுற சத்தம் இருந்துச்சு. அதுக்குள்ள அவர் இருக்கார்னு இருந்தேன். போட்டுக் கேக்க தைரியம் வரல. ரெண்டு வாரம் முன்னாடி சத்தம் நின்னுச்சு பாரு, அப்பதான்..." மீதியைச் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பழைய மெஷினில் பவர் சப்ளை கருகியிருந்தது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றிப் புது மெஷினில் மாட்டி, சர்வரை நிறுவி, அவர் எழுதிய புரோகிராமையும் அதில் ஓடவிட்டு, பேச்சுகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரையில் ஒரே வரி: அனுமதி இல்லை.

இது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சர்வர் ஒரு ஃபைலை எடுத்துக் காட்ட வேண்டுமானால், அது இருக்கும் ஃபோல்டர் மட்டும் திறந்திருந்தால் போதாது. அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் வழி விட வேண்டும். வீட்டின் உள்ளறை திறந்திருந்து வாசல் கதவு சாத்தியிருந்தால் யார் போக முடியும்? போதாததற்கு, மெஷின் ஆட்களைப் பெயரால் அறியாது, எண்ணால் அறியும். பழைய மெஷினில் மாப்பிள்ளைக்கு இருந்த எண், புது மெஷினுக்கு முன்பின் தெரியாத எண். அவருடைய ஃபைல்களுக்கு அங்கே சொந்தக்காரரே இல்லை.

முதல் நான்கு ஃபோல்டர்களையும் முறையாகப் பார்த்தேன். யாருக்குச் சொந்தம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். பக்கம் வந்தது. ஆனால் பேச்சுகள் இருக்க வேண்டிய இடம் காலி. குரல் ஃபைல்கள் இருந்த கடைசி ஃபோல்டரும் அந்தப் பழைய எண்ணுக்கே சொந்தம்; அது மட்டுமில்லாமல், அதில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டு போட்டிருந்தது. அவருடைய சர்வர் தான் செய்ததையெல்லாம் எழுதி வைத்திருந்த பதிவேட்டைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஒரே பல்லவி. அனுமதி மறுக்கப்பட்டது, அனுமதி மறுக்கப்பட்டது. மணிக்கு ஒரு தடவை, மாதக்கணக்கில்.

"பாத்தியா உன் வீட்டுக்காரர் லட்சணத்த? தன் ஃபோல்டருக்குள்ள தன் சர்வரையே விடாம வச்சிருக்கார்!" என்று கத்தினேன்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எதுவும் போயிடாம பூட்டி வச்சிருக்கேன்னு சொன்னாருண்ணா. அவர் ஆஸ்பத்திரில சேரக் கிளம்பின அன்னிக்குக் காலைல."

"பாஸ்வேர்டா? அதெல்லாம் தாண்டி வந்தாச்சு" என்றேன். என்ன பூட்டு, எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் கட்டளையை அடித்தேன். இந்த ஃபோல்டரிலும் இதற்கு உள்ளே இருக்கும் எல்லாவற்றிலும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம் என்று ஒரே வரியில் சொல்லும் கட்டளை. அலுவலகத்தில் ஒருவர் இதை அடித்ததற்காக, எல்லோர் முன்னாலும் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். நகல் எடுக்காமல் எதையும் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவனும் நான்தான். ஆனால் இது தங்கச்சி வீடு, அரைகுறை மாப்பிள்ளையின் வேலை, எனக்கு அலுப்பாக இருந்தது. பக்கம் திறக்கட்டும், நகல் அப்புறம் என்று விட்டேன்.

பக்கம் திறந்தது. நாற்பத்தேழு பேச்சுகள், வரிசையாக, தேதியோடு. மணி பத்தரையைத் தாண்டியிருந்தது.

தங்கச்சி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வரிசையின் நடுவில் ஏதோ ஒன்றைத் தொட்டாள்.

"ஏய், உங்க அண்ணன் வந்துட்டுப் போனார். நீ தூங்கிட்டிருந்தே, எழுப்பல. கம்ப்யூட்டரத் தொறந்து பாத்தார், தூசின்னு நாலு திட்டு திட்டினார், கிளம்பிட்டார்." அந்தச் சிரிப்பு. "எதுக்கும் எல்லாம் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோ."

தங்கச்சி சிரித்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. உடனே வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

"இரு. அத்தையக் கூட்டிட்டு வந்துடறேன். அவங்கள விட்டுட்டு நான் மட்டும் கேக்கக்கூடாது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அத்தை, அதாவது அவள் மாமியார், பெரிய மகன் வீட்டில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். முட்டி வலி. மெல்லத்தான் வருவார்.

அந்த நேரத்தில் நகல் எடுத்திருக்கலாம். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் டீ குடித்தேன். ஒயர்களைச் சுற்றி ஒழுங்காகக் கட்டி வைத்தேன்.

பதினொன்று அடித்து இரண்டு நிமிடம் இருக்கும். அத்தை வந்ததும் முதலில் எதைப் போடலாம் என்று பட்டியலில் முதல் பேச்சைத் தொட்டேன். சத்தம் வரவில்லை. அடுத்ததைத் தொட்டேன். அதிலும் இல்லை. ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. பதிவேட்டின் கடைசியில் நாற்பத்தேழு புது வரிகள், எல்லாம் சரியாகப் பதினொன்றுக்கு: அழிக்கப்பட்டது.

அப்போதுதான் மேலே இருந்த பழைய வரிகளை முழுதாகப் படித்தேன். 'முப்பது நாள் கடந்தது, அழிக்க முயற்சி, அனுமதி மறுக்கப்பட்டது.' ஒவ்வொரு வரியும் அதுதான். நான் பாதியைத்தான் படித்திருந்தேன். எழுத விடாத ஃபோல்டரில் அழிக்கவும் முடியாது. அவருடைய சர்வர் மணிக்கு ஒரு தடவை துடைப்பத்தோடு வந்து நின்றிருக்கிறது. அவர் போட்டுவிட்டுப் போன பூட்டு ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. துடைக்கும் வேலையை நிறுத்தத் தெரியாமல் பூட்டு போட்டாரோ, நேரமில்லாமல் போட்டாரோ. அரைகுறைதான். ஆனால் காப்பாற்றியது அதுதான்.

டிஸ்க்கைப் பிடுங்கினேன். அன்று மாலையும், அடுத்த மூன்று நாளும், தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். கிடைக்கவில்லை. இந்த வகை டிஸ்க், அழித்த இடத்தை அப்போதே கழுவி வைத்துவிடுகிறது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் வீணாக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

மாடிப்படியில் இருவரும் ஏறும் சத்தம் கேட்டது. படிக்கு ஒரு தடவை நின்று நின்று. அந்த நேரத்தில் என் புத்தி என்னவெல்லாம் யோசித்தது தெரியுமா? டிஸ்க் பழசு, போய்விட்டது எனலாம். அவர் எழுதிய புரோகிராமே அழித்துவிட்டது எனலாம். அதில் பொய்கூட இல்லை. காலம் முழுக்க அவரைக் குறை சொன்னவன்தானே, இன்னும் ஒன்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "போடுப்பா. நாப்பத்தேழு இருக்காமே? வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா" என்றார்.

"இல்ல அத்தை. போயிடுச்சு" என்றேன்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "என்னண்ணா சொல்ற? இப்பதானே கேட்டோம்?"

"அவர் பூட்டினது பாஸ்வேர்ட் இல்லம்மா. எதுவும் அழியாம இருக்கத்தான் பூட்டியிருக்கார். நீ சொன்னே, நான் காதுல வாங்கல. நான்தான் தொறந்து விட்டேன். எல்லாம் அழிஞ்சுபோச்சு."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் அலமாரிக்கு அடியில், பழைய மெஷின் இருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூட இல்லையாப்பா?" என்றார் அத்தை.

ஒன்று இருந்தது. தங்கச்சி கேட்ட அந்தப் பேச்சு மட்டும், இன்னும் மூடாத பக்கத்தில், பிரவுசரின் நினைவில் தங்கியிருந்தது. அதை வெளியே எடுத்து, என் மெஷினில் ஒன்று, என் போனில் ஒன்று, ஒரு பென் டிரைவில் ஒன்று என்று மூன்று நகல் எடுத்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பிறகு அந்த மூல ஃபைலுக்கு அவர் போட்ட அதே பூட்டைப் போட்டேன். படிக்க மட்டும். நான் உள்பட யாரும் தொட முடியாதபடி.

அந்தப் பேச்சை ஓட விட்டேன். உங்க அண்ணன் வந்துட்டுப் போனார் என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, தலையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சிரிக்கிறான் பாரு" என்றார் அத்தை. கண் திறக்கவில்லை. "இன்னொரு தடவை போடுப்பா."

போட்டேன். எதுக்கும் எல்லாம் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோ என்றார் மாப்பிள்ளை.

"இன்னொரு தடவை" என்றாள் தங்கச்சி.