சனிக்கிழமைக் கரடி

திங்கள் முதல் வெள்ளி வரை அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் இயற்பியல் ஆசிரியர். சனிக்கிழமை வந்தால் கரடி.

புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரைக் கவர்வதற்காகப் பள்ளி வாசலில் ஒரு கரடியும் ஒரு முயலும் நின்று கையாட்ட வேண்டும் என்பது தாளாளர் அம்மாவின் யோசனை. கரடி உடை கனமான பஞ்சு வைத்துத் தைத்தது. கண்ணுக்கு நேராக இருக்க வேண்டிய துவாரம் மூக்குக்கு நேராக இருந்ததால், கரடி எப்போதும் வானத்தைப் பார்த்தபடியே நடக்கும். முயல் வேடம் ஆங்கில டீச்சருக்கு. அவர் வேறொரு தேசத்துக்காரர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், முட்டி வலிக்காரர். ஆனாலும் முயல் என்றால் குதித்தாக வேண்டுமாம்.

உள்ளூர் ஆசிரியர்கள் யாரும் சனிக்கிழமை எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களுக்குச் சட்டம் தெரியும். இவர்கள் இருவரையும் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் மட்டும் தாளாளர் குழைந்து பேசுவார். "நாமெல்லாம் ஒரே குடும்பம் சார். குடும்பத்துல யாராவது ஓவர்டைம் கேப்பாங்களா?" என்பார். அடுத்த மூச்சிலேயே, "உங்க விசா எப்போ புதுப்பிக்கணும்?" என்று விசாரிப்பார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாதது போலத்தான் இருக்கும். ஆனால் இயற்பியல் ஆசிரியர் உடனே கரடித் தலையை எடுத்து மாட்டிக்கொள்வார்.

வீட்டில் மனைவி அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கழுத்து முழுக்க வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"என்னங்க இது, தோலை உரிச்ச மாதிரி? சம்பளம் இல்லாம இது என்ன வேலை?"

"வேலை இல்லம்மா, அன்புன்னு சொல்றாங்க."

"அந்த அன்பை அவங்க வீட்டுக்காரருக்குக் காட்டச் சொல்லுங்க. பக்கத்து வீட்டு அக்கா கிட்ட கேட்டேன். இந்த ஊர்ல யாரு வேலை பாத்தாலும் ஒரே சட்டம்தானாம். வெளிநாட்டுக்காரருக்குத் தனிச் சட்டம் கிடையாதாம். கூடுதலா வேலை வாங்கினா கூடுதலா சம்பளம் குடுத்தே ஆகணுமாம்."

"சட்டம் பேசப் போய் விசா போச்சுன்னா? பொட்டியைக் கட்டிக்கிட்டு எங்க போறது?"

"கட்டறதுக்கு நான் இருக்கேன். கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பவுடர் டப்பாவை எடுத்தாள். அவரும் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். திருமணமாகி இத்தனை வருடம் ஆகியும் அவருக்கு அவ்வளவுதான் விவரம்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் நல்ல கூட்டம். கரடி ஆகாயத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தபோது, கோப்போடு ஒருவர் வந்து தாளாளரிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். தொழிலாளர் துறை அதிகாரி. கரடிக்குள் வியர்வை சட்டென்று குளிர்ந்தது.

"லீவு நாள்ல ஆசிரியர்களை வேலை வாங்கறீங்கன்னு புகார் வந்திருக்கு."

தாளாளர் சிரித்தார். "ஆசிரியரா? சுத்திப் பாருங்க சார், ஒருத்தர் கூட இல்ல."

"இந்தக் கரடியும் முயலும்?"

"வெளியில ஒரு கம்பெனில வாடகைக்கு எடுத்தது. அதுங்களுக்குப் பேசக்கூடத் தெரியாது."

அதிகாரி கரடியை ஏற இறங்கப் பார்த்தார். கரடி இன்னும் வேகமாகக் கையாட்டியது. வாயைத் திறந்தால் விசா, திறக்காவிட்டால் வேர்க்குரு. அவர் வேர்க்குருவே மேல் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிறுமியின் கையிலிருந்த பலூன் நழுவி மேலே போனது. அவள் அழவில்லை. அண்ணாந்து பார்த்து, "அது ஏன் கீழ விழல?" என்று கேட்டாள்.

அதிகாரி முன்னால் தன் பள்ளியின் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தாளாளருக்குத் தோன்றியிருக்க வேண்டும். குனிந்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "பலூனுக்குப் புவியீர்ப்பே கிடையாது கண்ணு. அதான் பறக்குது" என்றார்.

கரடி நெளிந்தது. உதட்டைக் கடித்தது. சிறுமி, "ஓ, கிடையாதா!" என்று அதை அப்படியே மனதில் வாங்கிக்கொள்ளப் போனாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"தப்பு!" என்றது கரடி.

வாசலே திரும்பிப் பார்த்தது.

"புவியீர்ப்பு எல்லாத்துக்கும் உண்டும்மா. பலூனையும் பூமி கீழதான் இழுக்குது. ஆனா சுத்தி இருக்கற காத்து அதைவிட பலமா மேல தள்ளுது. தண்ணிக்குள்ள பந்தை அமுக்கினா குபுக்குன்னு மேல வருமில்ல? அதேதான். உள்ள இருக்கற வாயு காத்தைவிட லேசு."

பெற்றோர்கள் நெருங்கி வந்தார்கள். அதிகாரியும் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "அப்போ மேல போய்க்கிட்டே இருக்குமா?" என்று கேட்டார்.

"அருமையா கேட்டீங்க! மேல போகப் போக காத்து மெலிஞ்சுடும். பலூன் உப்பி உப்பி ஒரு இடத்துல வெடிச்சுடும்" என்று பஞ்சுக் கைகளை விரித்து உப்பிக் காட்டியது கரடி.

அதிகாரி தாளாளர் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "வாடகைக் கரடி ரொம்பப் படிச்ச கரடியா இருக்கேம்மா."

"சார்... அது... அவங்களா ஆசைப்பட்டு..."

அதற்குள் முயல் தலையைக் கழற்றியது. நரைமுடி நாலாபக்கமும் பறக்க, ஆங்கில டீச்சர், "ஆசையா? காய்ச்சல்னு ஒரு சனிக்கிழமை குதிக்க மாட்டேன்னதுக்கு என் விசா தேதியைக் கேட்டவங்க நீங்க!" என்றார்.

அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சட்டப்படி சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்டதற்காக யாருடைய விசாவையும் பள்ளிக்கூடம் தொட முடியாது என்று தாளாளர் காதுபடவே சத்தமாகச் சொன்னார். போகும்போது கரடியின் காதருகே குனிந்து, "போன்ல புகார் சொன்ன அம்மா, கழுத்துல பவுடர் போடறதை மட்டும் விட்டுடக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "யாரோ நல்லவங்க பேசியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

வேலை செய்த பழைய சனிக்கிழமைகளுக்கெல்லாம் சம்பளம் கைக்கு வந்தது. இனி விருப்பம் கேட்டுத்தான் கூப்பிட வேண்டும், அதற்கும் ஒன்றரைப் பங்கு கூலி என்று ஆனது. ஆங்கில டீச்சர் விருப்பம் இல்லை என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார். இயற்பியல் ஆசிரியருக்கோ உள்ளூர ஒரு நப்பாசை. வாசலில் நின்று பாடம் சொன்னதில் அப்படி ஒரு ருசி கண்டிருந்தார். "வேஷம் இல்லாம, சொந்த முகத்தோட, அறிவியல் செய்து காட்டறேன்" என்று ஒப்புக்கொண்டார். கரடிக்குள் புகுந்தவர் தாளாளரின் கணவர். அவருக்கு யார் ஓவர்டைம் தருவது என்பது அவர்கள் குடும்ப விஷயம்.

முதல் நாள், மேசையில் காந்தமும் கண்ணாடிக் குவளையுமாக நின்றவரைத் தாண்டிப் பிள்ளைகள் கரடியிடம் ஓடினார்கள். அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு ஒரு வாண்டு வந்து காந்தத்தைத் தொட்டுப் பார்த்தது. பின்னால் நாலு பேர் வந்தார்கள். அப்புறம் சந்தேகத்துக்கு மேல் சந்தேகம்.

குறித்த நேரம் தாண்டியதும் தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், போதும் சார்! வீட்ல தேடுவாங்க. கிளம்புங்க!"

"ஒரே ஒரு சந்தேகம் மேடம்" என்றார் அவர், காந்தத்தை நிதானமாகத் திருப்பி வைத்துக்கொண்டே.