கடலுக்கு ஒரு பரம்பு

1

இந்தக் கதை ஒரு தபால் கார்டில் பிறந்தது. அது எனக்கு வந்த கார்டு இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல்.

நல்லேப்பிள்ளிக்கு அருகே ஒரு சின்னத் தபாலாபீசில் வேலை பார்க்கிறேன். ஆபீசின் பெயர் வேண்டாம், மேலதிகாரிகளிலும் கதை படிக்கிறவர்கள் உண்டு. கார்டில் முத்திரை குத்துவது என் வேலை. படிப்பது அதில் சேராது. ஆனால் உறை போடாமல் வருகிற எழுத்தின்மேல் முத்திரை குத்தும்போது கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? 1974 ஐப்பசியில் வந்த அந்தக் கார்டில் இருந்தது இவ்வளவுதான்:

"அண்ணாச்சி, பலகை மெதந்துச்சா, முங்கிச்சா? ஒரு வரி போடுங்க. இங்கன விடாத மழை. சங்கையா, சித்திரபுரம்."

பெறுநர் ஈஸ்வரமூர்த்தி. எனக்குத் தெரிந்தவர்தான். ஐந்து ஏக்கர் நெல்வயல், ஒரு ஜோடி மாடு, சரியாக மடங்காத ஓர் இடது முழங்கால். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஒரு பகல் பயணம். மிதக்க வேண்டிய பலகை இங்கே யாருக்கு எதற்கு? அன்று சாயங்காலம் கார்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். தபால்காரர் மேல் எனக்கு இரக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும்.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"கடலையே பார்க்காத ஒருவர் கடலுக்காகப் பலகை செய்தார்." கேட்க அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம் வந்தது. பொய்யும்கூட, அப்பா காரியத்துக்கு அவர் ராமேசுவரம் போயிருக்கிறார்.

"ஈஸ்வரமூர்த்தியின் ஒரே மகன் குளத்தில் விழுந்து" – இதைப் பாதியில் நிறுத்தினேன். அவருக்கு மகனே இல்லை. ஒரே மகள், பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்தது, குறையில்லாமல் இருக்கிறாள். ஒரு மனுஷர் வேலை ஓய்ந்த நேரத்தில் பலகை இழைத்தால் அவர் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும் என்று எழுதுகிறவன் கைக்கு ஏன் தோன்றுகிறதோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வரியை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

மூன்றாவது வரி சப்பென்று இருக்கிறது. ஆனால் உண்மை. அதிலேயே தொடங்குகிறேன்.

3

ஈஸ்வரமூர்த்திக்கு, ஓடுகிற பலகைமேல் நிற்க வேண்டும்.

(பரம்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: உழுது தண்ணீர் கட்டிய சேற்று வயலை நடவுக்கு முன் மட்டமாக்க வேண்டும். அதற்கு ஆள் நீளத்தில் ஒரு பலகை. மாடு பூட்டி இழுக்க, ஓட்டுகிறவர் பலகைமேல் ஏறி நின்றுகொள்வார். அவர் எடையில் மேடு கரைந்து பள்ளம் நிரம்பும். தெரிந்தவர்கள் இந்த அடைப்பைத் தாண்டிப் போகலாம்.)

மீசை முளைத்த நாளிலிருந்து அவர் பரம்பில் நின்றவர். மாடுகள் ஓடும், சேற்றுத் தண்ணீர் இரண்டு பக்கமும் விலகும், காலடியில் பலகை உயிருள்ள பொருளாக நெளியும். உழவு, நடவு, களை, அறுப்பு எல்லாம் அவருக்கு வேலை. பரம்படிப்பதை மட்டும் அவர் வேலைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. 1968 ஆனியில் மாடு மிரண்டது. விழுந்தவரின் முழங்கால்மேல் பலகை ஏறிப் போயிற்று. எலும்பு கூடியது. கால் பாதிக்குமேல் மடங்க மறுத்தது. அன்றிலிருந்து பண்ணையாள் பழனிச்சாமி பரம்பில் நிற்கிறார், ஈஸ்வரமூர்த்தி வரப்பில் நிற்கிறார். பழனிச்சாமி நன்றாகவே அடிப்பார். அதுதான் ஈஸ்வரமூர்த்திக்குத் தாங்காது.

வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழும்போது அவர் மனைவி கமலாத்தாள் ஒரு கையை நீட்டுவார். புருஷன் முகத்தைப் பார்க்காமல், ரசச் சட்டியைப் பார்த்துக்கொண்டே நீட்டுவார். அவரும் எங்கேயோ பார்த்தபடி பிடித்து எழுவார். வெளியாள் அதைப் பார்ப்பது இருவருக்கும் பிடிக்காது. நான் பார்த்துவிட்டேன். இப்போது எழுதியும் விட்டேன்.

(கால் ஊனமானவர், நிற்க ஆசை: காரணம் கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று முகம் சுளிக்கிறீர்கள். எனக்கும் அதே சுளிப்புதான். ஒரு பிரதியில் அவர் காலைச் சரியாக்கிப் பார்த்தேன். மறுநாள் அவர் கவர் வாங்க வந்தார், அதே காலை இழுத்துக்கொண்டு.)

4

சங்கையா, சித்திரபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் பெட்டி அடைக்கிறவர். ஒருமுறை வேலந்தாவளம் சந்தைக்கு மாடு வாங்க வந்தார். யாரோ அவர் தலையில் கிழட்டுப் பசுவைக் கட்டப் பார்க்க, ஈஸ்வரமூர்த்தி இடையில் புகுந்து பல் பார்த்து, சுழி பார்த்து வேறொன்றை வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றிக்கு வருஷம் தவறாமல் ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் வரும். 1974இல் வந்த பொட்டலத்தைச் சுற்றியிருந்தது, மானேஜர் பங்களாவில் கழித்துப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்.

அதில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவன் தண்ணீருக்கு மேல் பலகையில் நின்றுகொண்டு வந்தான். கீழே இன்னொரு சின்னப் படம்: அதே பலகை மணலில் குப்புறக் கிடந்தது. ஒரு முனை கூர்மை, இன்னொரு முனை மழுங்கல். மழுங்கல் முனைக்குப் பக்கத்தில் கத்திபோல ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

ஈஸ்வரமூர்த்தி படத்தை மட்டும் பார்த்துப் பூவரசில் ஒரு பலகை இழைத்தார். குளத்தில் அது அவரையும் ஏற்றிக்கொண்டு நிதானமாக முங்கிற்று. சங்கையா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கார்டோடு போன என்னிடம் அவர் தாளை நீட்டி ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாடு எங்கீங்க கட்டியிருக்கறாங்க?"

அலைதான் மாடு என்றேன். அதைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. தாளைப் படித்தும் காட்டினேன். வீட்டிலேயே, ஓய்வு நேரத்தில், அலையில் நிற்கும் பலகையைச் செய்துகொள்வது எப்படி என்பது கட்டுரை. கனமான மரம் ஆகாது. உள்ளே கூடாக விலாக் கட்டி, மேலே மெல்லிய பலகை ஒட்ட வேண்டும். அதற்குமேல் "தொடர்ச்சி 41ஆம் பக்கம்" என்று இருந்தது. 41ஆம் பக்கம் மலைமேல் வேறு யாருக்கோ வேறெதையோ பொதிந்து போயிருந்தது.

அவர் சின்னப் படத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கொழு இருக்கற பக்கந்தானுங்க முன்னால?"

உலகத்தில் உள்ள எந்தக் கலப்பைக்கும் கொழு முன்னால் போகும். அவர் கேட்டதில் தப்பே இல்லை. எனக்குக் கலப்பையும் தெரியாது, கடலும் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. ஆமாங்க என்று தலையை ஆட்டினேன்.

இந்தக் கதையில் வில்லன் யாரென்று தேடுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5

சங்கையா உடைந்த தேயிலைப் பெட்டிகளின் பிளைவுட்டைக் கட்டாகக் கட்டி லாரியில் அனுப்பினார். ஈஸ்வரமூர்த்தி மூங்கிலைப் பிளந்து விலா எலும்புகள் செய்தார். கொழு முன்னால் என்றதால் கூர்முனையையும் அந்தப் பக்கமே வைத்தார். மாட்டுக்குத் தீனி வைத்த பிறகு கொஞ்சம், மடை திருப்பிவிட்டு வந்து கொஞ்சம், கல்யாண வீட்டுக்குப் புறப்படும் முன் கமலாத்தாள் புடவை மாற்றுகிற நேரத்தில் கொஞ்சம். குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி இடுக்குகளில் பூசியதில் ஊடெல்லாம் புகை என்று கமலாத்தாள் இரண்டு நாள் பேசவில்லை. பலகையின் நடுவே பெட்டிக்காரன் அச்சடித்த இங்கிலீஷ் எழுத்து அப்படியே இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "ஈரம் படாமல் வைக்கவும்" என்று இருந்தது. எஸ்டேட் பேருங்க என்றேன்.

பூச்சு காயட்டும் என்று களத்தில் வெயிலில் போட்டார்கள். உச்சி வேளையில் சிதறுதேங்காய் உடைத்த சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு பக்கத்து ஒட்டு முழுக்க வாய் பிளந்து கிடந்தது. ஆறு மாத வேலை. ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில் கிடந்த கல்மேல் உட்கார்ந்தார். கமலாத்தாள்தான் சுற்றிவந்து பார்த்துச் சொன்னார்.

"மூடி போட்ட சட்டிகூட ஆவி போக வழி கேக்குமுங்க. இதுக்கு மூச்சு உட ஒரு ஓட்டை வெக்கோணும்."

மறுபடி ஒட்டினார்கள். ஓட்டையும் வைத்தார்கள். ஓமத் தண்ணீர் பாட்டிலின் கார்க்கை அவரே செதுக்கி அதில் பொருத்தினார். வெயிலில் கிடக்கும்போது கார்க்கை எடுத்துவிட வேண்டும், தண்ணீரில் இறக்கும்போது அடைக்க வேண்டும். 41ஆம் பக்கத்தில் இது இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பலகை குளத்தில் மிதந்தது. ஈஸ்வரமூர்த்தி அதன்மேல் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளினார். கொஞ்சம் சுற்றத்தான் செய்தது. குளத்தில் எதுதான் சுற்றாது என்று விட்டுவிட்டோம்.

6

1976 மாசியில், இரண்டாம் போகம் அறுத்து முடிந்ததும், பலகையை வைக்கோல் லாரியின் உச்சியில் கட்டிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பொன்னானிக்குப் போனார்கள். (எங்கள் ஆற்றுத் தண்ணீர் கடைசியில் அங்கேதான் கடலில் சேர்கிறது. அவர் அங்கே போனதற்கு அது காரணம் என்று எழுத எனக்கு ஆசை. உண்மைக் காரணம், லாரி அங்கே போனது.)

நான் போகவில்லை. அவர்கள் வந்து சொன்னதுதான் இது.

மாசிக் கடல் சாது. இடுப்பளவுத் தண்ணீரில் அவர் பலகைமேல் படுத்தார். முதல் அலை வந்து பின்னாலிருந்து தள்ளியது. மாடு முதல் எட்டு வைக்கும்போது பரம்பு துள்ளுமே, அதே துள்ளல் நெஞ்சுக்குக் கீழே. எட்டு வருஷமாயிற்று அது நடந்து. எழ வேண்டும் என்று கையை ஊன்றினார். அதற்குள் பலகை தானாக அரை வட்டம் அடித்துத் திரும்பிக்கொண்டது. கரையைப் பார்க்க வேண்டியவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த அலை முகத்தில் அறைந்தது. இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறையும் அதே. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பலகைக்குக்கூடத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அப்போது தோன்றியதாகச் சொன்னார்.

கமலாத்தாள் கரையில் மீன் கூடை ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தார். கூடையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, மீனுக்கு இந்தத் துண்டு பொறகாலதானுங்க இருக்குது?"

ஈஸ்வரமூர்த்தி வந்து கூடையைப் பார்த்தார். பிறகு தன் கொழுவைப் பார்த்தார். கழற்றி மாட்டக் கையில் சாமான் இல்லை. லாரி திரும்பப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. இனி அடுத்த மாசி அறுப்புக்குத்தான் வைக்கோல் லாரி.

இதை என்னிடம் சொல்லி முடித்தபோது அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தலையாட்டினது நீங்கதானுங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

7

இப்போது 1977 தை. கொழு பின்னால் போய்விட்டது. மாசியில் மறுபடி போகிறார்கள். ஆனால் பத்திரிகைக்காரர் தை முடிவதற்குள் கதை வேண்டும் என்கிறார். நடப்பதற்கு முன்பே நான் முடித்தாக வேண்டும். மூன்று முடிவுகள் எழுதிக்கொண்டு போய் அவர்களிடமே படித்தேன். தலையாட்டிய பாவத்துக்கு இதுவாவது செய்யலாம் என்று.

முதல் முடிவில் கமலாத்தாள் அலைக்குள் நடந்து வந்து கையை நீட்டுகிறார், அவர் பிடித்து எழுகிறார். எழுதும்போது என் கண்ணே கலங்கிற்று. அந்த ஆழத்துக்கெல்லாம் தான் வரப்போவதில்லை என்று கமலாத்தாள் சொன்னார். ஈஸ்வரமூர்த்தி கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. அந்தக் காகிதத்தை நானே கிழித்தேன்.

இரண்டாவதில் கடல் அவரைக் கொண்டுபோகிறது. பாதியிலேயே கமலாத்தாள் எழுந்துகொண்டார். ஊட்டுக்கு வந்து இப்படிப் படிக்கிறவருக்குக் காபி கிடையாது என்றார். கிடைக்கவும் இல்லை.

மூன்றாவதில் அவர் தானாகவே எழுந்து நிற்கிறார். இதுதான் பிடிக்கும் என்று கடைசிக்கு வைத்திருந்தேன். ஈஸ்வரமூர்த்தி கவனமாகக் கேட்டார்.

"எந்தக் காலுங்க மொதல்ல ஊனுனேன்?"

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். "எழுந்து நின்றார்" என்று இரண்டே சொல் எழுதியிருந்தேன். அவர் என்னைக் களத்துக்குக் கூட்டிப்போனார். வைக்கோல் பரப்பி அதன்மேல் பழைய பூவரசுப் பலகை கிடந்தது. குப்புறப் படுத்துக் காட்டினார். இடது கால் மடங்காது. ஆகவே வலது காலை நெஞ்சுக்குக் கீழே கொண்டுவந்து, இடதைப் பக்கவாட்டில் வீசி இழுக்க வேண்டும். ஒரு வருஷமாகத் தினமும் செய்கிறாராம். என் முன்னால் ஐந்து முறை செய்தார். ஐந்து முறையும், இடதை வீசும் இடத்தில் சாய்ந்து விழுந்தார். அசையாத தரையில், அசையாத பலகையில். வைக்கோலைத் தட்டிவிட்டு வந்து பலகைமேலேயே உட்கார்ந்துகொண்டார். மூச்சு வாங்கியது. எனக்கு அழுகை வந்தது, அதை இருமலாக்கிக்கொண்டேன்.

"அப்ப கதைய எங்கீங்க நிறுத்தட்டும்?" என்று கேட்டேன்.

"பலகமேல படுத்துக்கிட்டு இருக்கறனல்லங்க, அங்கயே உட்டுருங்க. அலை வருதுன்னு வேணா எழுதிக்குங்க."

"அப்பறம்?"

"அப்பறம் நானே எந்திரிச்சுக்கறனுங்க."

8

சொன்னபடி விட்டிருக்கிறேன்.

மாசி, பொன்னானி, காலை வெயில். அவர் பலகைமேல் குப்புறப் படுத்திருக்கிறார். கொழு பின்னால்தான் இருக்கிறது. நான் இரண்டு முறை பார்த்தேன். கார்க் இறுகியிருக்கிறது. கமலாத்தாள் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், மீன் கூடையைப் பார்ப்பதுபோல. அலை வருகிறது.

நீங்களும் கை கொடுக்க வேண்டாம்.