மேல் கொக்கி

"மேல் கொக்கியை விட்டுடுங்க சித்தி, அம்மா அதைப் போடவே மாட்டாங்க," என்றாள் அக்காவின் மகள்.

தையல்காரியின் விரல்கள் அங்கியின் கழுத்திலேயே நின்றன. நேற்று மத்தியானம் மாரடைப்பில் போன அக்காவுக்கு, சர்ச்சில் பாடும்போது போடும் வெள்ளை அங்கியைத்தான் உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் போட மாட்டா?"

"இறுக்குமாம். உங்ககிட்ட கொடுத்துச் சரி பண்ணலாமேன்னு சொன்னேன். 'என் தங்கச்சிக்கு அளவு தப்பவே தப்பாது. என்னைக்குத் தோணுதோ, அன்னைக்கு அவளே பிரிச்சுத் தைப்பா'ன்னுட்டாங்க."

அப்படியென்றால் ஆறு வருஷமாக அக்காவுக்குத் தெரியும்!

சர்ச்சின் பாடகர் குழுவான கொயருக்கு அப்போது தையல்காரிதான் இருபத்திரண்டு அங்கியும் தைத்தாள். அக்காவுடையதில் மட்டும் கழுத்தை அரை அங்குலம் குறைத்தாள். அளந்தது ஒன்று, நோட்டில் எழுதியது ஒன்று. முன்வரிசையும் தனிப்பாட்டும் அக்காவுக்கு. பின்வரிசையில் தாழ்ந்த குரலில் ஒத்துப் பாடும் ஆல்ட்டோ இவளுக்கு. உச்சத்தில் மூச்சு முட்டட்டும் என்ற வயிற்றெரிச்சல்தான். சீ, அதுவும் ஒரு பிழைப்பா! பிறகு ஆண்டவரிடம் அழுது எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. இரண்டு தெரு தள்ளியிருந்த அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"வேணும்னுதான் குறைச்சேன்," என்றாள். "பொறாமையில."

அக்காவின் மகள் அவளையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் அம்மாவின் ஊசிப்பெட்டியை எடுத்துவந்து வைத்தாள்.

சவப்பெட்டிக்காரர் கதவைத் தட்டினார். "நேரமாச்சும்மா."

"ஆகட்டும். செத்தவளுக்கு என்னய்யா அவசரம்? நில்லுங்க."

தையல்காரி கழுத்துப்பட்டியைப் பிரித்தாள். அன்று துணியை வெட்ட மனம் வராமல் உள்ளே மடித்துத்தான் வைத்திருந்தாள். அந்த அரை அங்குலம் மடிப்புக் கலையாமல் வெளியே வந்தது. அழுதுகொண்டே தைத்தாள். தையல் கோணவில்லை.

சர்ச் வாசலில் கொயர் மாஸ்டர் பாட்டுத்தாளை நீட்டினார். "தனிப்பாட்டை நீங்க பாடுங்க. உங்க ரொம்ப நாள் ஆசைன்னு எனக்குத் தெரியும்."

"ஆசைப்பட்டதெல்லாம் போதும் மாஸ்டர். நான் ஆல்ட்டோ."

"அப்போ யார் பாடுறது?"

"யாரும் வேணாம். அந்த இடம் காலியா இருக்கட்டும்."

"கேக்க நல்லா இருக்காதும்மா."

"இல்லாமப் போகட்டுமே! அவ போயிட்டான்னு எல்லாருக்கும் உறைக்கட்டும். ஆண்டவர் எனக்குக் கொடுத்தது இந்தக் குரல். எனக்கு இதுல ஒரு குறையும் இல்ல."

மாஸ்டர் தாளை மடித்துக்கொண்டார்.

தனிப்பாட்டின் இடம் வந்தது. பியானோ மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், யாரோ "என்னாச்சு?" என்றுகூடக் கேட்டார்கள். தையல்காரி தலையை நிமிர்த்தி, பின்வரிசையிலிருந்து தன் ஆல்ட்டோவைத் தனியாகப் பாடினாள். ஏறாமல் இறங்காமல், ஒரு வரியும் விடாமல் பாடினாள்.

கீழே, திறந்திருந்த பெட்டியில், அக்காவின் மேல் கொக்கி மாட்டியிருந்தது.