அத்தானின் ரேசர்

போலீஸுக்குப் போன தடயத்தை நான் ஏற்கெனவே என் மூஞ்சியில் தேய்த்து முடித்திருந்தேன்.

ஜூலை மழையில் ஆற்றைக் கடக்கப்போன அத்தான் சூசையப்பன் திரும்பவில்லை. மூன்று வாரம் கழித்து அணையோரம் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் பார்த்துச் சொல்லும் நிலையில் இல்லை. டி.என்.ஏ. பார்க்க மகள் சோனாவின் வாயில் பஞ்சுக்குச்சி வைத்து எச்சில் எடுக்கணும் என்றார்கள்.

"பச்சப்புள்ள வாயில யாரும் கைவைக்கக் கூடாது" என்று மறுத்த அக்கா சந்தனமேரி, அத்தானின் ரேசரைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள். "அவரு மட்டுந்தான் தொட்டது, சார்."

துணைக்கென்று சூரியநெல்லி எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்து தங்கிய நான், அந்த மூன்று வாரமும் அதில்தான் சவரம் செய்திருந்தேன். வழுவழு கன்னத்தோடு பக்கத்தில் நின்றேன். வாய் மட்டும் திறக்கவில்லை. வீரன்.

ஒத்துப்போகவில்லை என்று ரிசல்ட் வந்தது. உடலைப் பெயரில்லாமல் புதைத்தார்கள். அக்கா அந்தோணியாருக்கு நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன்.

"அக்கா, அந்த ரேசர்ல நானும்..."

"தெரியும்டா வினோ. தெனமும் பாத்துட்டுதான இருந்தேன்? அதான் அதையே குடுத்தேன்."

"ஏன்க்கா?"

அவள் சோனாவுக்குத் தலைவாரப் போய்விட்டாள்.

கல்லறைத் திருநாளன்று எஸ்டேட்டே கல்லறைகளில் மெழுகுவர்த்தியோடு நின்றது. அக்காவுக்கு ஏற்றுவதற்கு ஒரு கல்லறை இல்லை. வாங்கிய மெழுகுவர்த்திக் கட்டைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் எச்சில் கொடுக்க அவளே சோனாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

அதன்பின் ஐந்து மாதம் நான் பந்து. ஸ்டேஷனில் கேட்டால் மலையாளத்தில் "லேபில் சோதிக்கூ", லேபில் போய்க் கேள் என்று. லேபில் கேட்டால் "ஸ்டேஷனில் அறியிக்கும்", ஸ்டேஷனுக்கே தகவல் வரும் என்று. ஒருவர் கம்ப்யூட்டர் கேடு என்றார். இன்னொருவர் ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார். எவ்வளவு மேலே என்று கேட்டேன், பரலோகம்வரைக்குமா என்று. சிரிக்கவில்லை; வெளியே நிற்கச் சொன்னார்.

ஒன்பதாவது தடவை போனபோது புதிதாக மாற்றலாகி வந்திருந்த பெண் போலீஸ் பிலோமி இருந்தார். மறையூர்க்காரர், தமிழ் பேசுகிறவர். மனுவை நீட்டினேன். வாங்கவில்லை. ஃபைலைத் தானே தேடி எடுத்து, கடைசித் தாளை இரண்டு தடவை படித்தார்.

"மேடம், நாளைக்கு வரணுமா, அடுத்த வாரமா? அத மட்டும் சொல்லிருங்க."

"வர வேண்டாம்ண்ணே. புள்ளையோடது ஒத்துப்போச்சு. அது உங்க அத்தான்தான்." ஃபைலை மூடினார். "அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் கூட வரட்டா?"