மெழுகில் கை வைக்காதவன்

பழைய ரத்தம் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். தொழிலுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே வழிகாட்டி இதைக் கண்டுகொண்டான். கோட்டை வாசலைத் தாண்டியதும், "இந்தக் கல்லு மேலதான் தலையை வச்சு வெட்டுவாங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதுவரை வெயிலைத் திட்டிக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் என்று அடங்கிவிடும். யாராவது ஒருவர் அந்தக் கல்லில் கழுத்தை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். அதன் பிறகு அவர்களை எங்கே வேண்டுமானாலும் நடத்திக்கொண்டு போகலாம்.

அவன் காட்ட வேண்டியது கோட்டையை அல்ல. பழைய தெருக்களில் ஆங்காங்கே நகராட்சி நிறுத்தி வைத்திருந்த புதிய சிற்பங்களை. துப்பாக்கிக் குழல்களை ஒட்டிச் செய்த மரம், முன்னங்கால் இல்லாத குதிரை, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் முகமில்லாத ஆள். "இதென்ன சார், காயலாங்கடை மாதிரி இருக்கு" என்று யாரும் சொல்லாத நாளே கிடையாது. அதனால் ஒவ்வொரு சிற்பத்துக்கும் ஒரு பழைய கொலையைத் தத்துக் கொடுத்திருந்தான். கொலை சேர்ந்துவிட்டால் இரும்புத் துண்டுக்கும் மரியாதை வந்துவிடுகிறது.

தானியச் சந்தைச் சதுக்கத்தில் நின்றது 'முற்றுகை'. அவனுடைய தங்கையின் கணவன் செய்த சிற்பம். குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு மட்டும், வெண்கலத்தில். தலை இல்லை, முன்பக்கம் இல்லை. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் அதற்கு 'முதுகுக்காரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகு முழுக்க லாடம் லாடமாகப் புடைப்புகள்.

அந்த இடத்தில் வழிகாட்டி குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"எதிரியோட குதிரைப்படை இந்த ஊரை மிதிச்சுட்டுப் போச்சு. ஊரே ஒரு பொம்பளைதான். அவ முதுகுல பதிஞ்ச லாடம் இது. யாரும் அவளைக் காப்பாத்த வரலை." இங்கே குரல் லேசாக நடுங்கும். பிறகு சிரித்துக்கொண்டே, "தொட்டுப் பாருங்க, கடிக்காது" என்பான்.

எல்லோரும் தொடுவார்கள். விரல் பட்டுப் பட்டு, கறுத்துப்போன முதுகில் புடைப்புகள் மட்டும் பொன்னாக மின்னின. வலது தோளுக்குக் கீழே வளைந்து இறங்கும் ஒரு கீற்றையும் அவன் விட்டுவைக்கவில்லை. அதை ஊரின் ஆறு என்று சொல்லி வந்தான்.

அன்று சிற்பியும் கூட்டத்தோடு வந்திருந்தான். வெளியூரிலிருந்து வந்த கலைச் சங்கத்தாருக்குத் தன் வாயாலேயே விளக்க வேண்டும் என்று ஆசை. நல்ல உயரம், கட்டையான விரல்கள். யாரோடும் சட்டென்று ஒட்டிக்கொள்கிற சிரிப்பு.

"நான் ஆள் உடம்பு மேலயே பிளாஸ்டர் போட்டு அச்சு எடுக்கிறவன்" என்றான். "அந்த அச்சுல மெழுகு ஊத்துவேன். அந்த மெழுகுதான் அப்புறம் வெண்கலமாகும். மத்தவங்க மெழுகு வந்ததும் நோண்டி, தடவி, அழகு பண்ணிடுவாங்க. நான் மெழுகுல கை வைக்க மாட்டேன். ஒரு மயிர்க்கால் கூடச் சேர்க்க மாட்டேன், எடுக்க மாட்டேன். உடம்புல என்ன இருக்கோ அதுதான்."

கூட்டத்தில் பெரிய கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். காலையிலிருந்தே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். "அப்போ இந்த லாடம் மட்டும் எப்படி வந்துச்சு? இதை நீங்கதானே ஒட்டியிருக்கணும்?" என்றார்.

சிற்பி ஒரு நொடி தாமதித்தான். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு, "அது என் கையெழுத்தும்மா" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

வழிகாட்டியின் விரல் அப்போது ஒரு புடைப்பின் மேல் இருந்தது. வழக்கமாக வைக்கிற இடம். பெல்ட்டின் பக்கிள் சிற்பியின் கட்டைவிரல்களுக்கு நடுவே தெரிந்தது. அவனே பட்டறையில் வார்த்துக்கொண்டது. லாட வடிவம், நடுவில் ஒரு சின்ன முள். கல்யாணமான புதிதில் அதை எல்லோரிடமும் கழற்றிக் காட்டுவான். விரலின் கீழே, வெண்கல லாடத்தின் நடுவிலும் ஒரு சின்னக் கோடு. அதை இத்தனை நாள் குதிரை லாடத்தின் ஆணி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு வழிகாட்டி அந்த 'ஆற்றை'ப் பார்த்தான். சின்ன வயதில் அவன் விளையாட்டாகப் பிடித்துத் தள்ளியதில் தங்கை ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தாள். வலது தோளுக்குக் கீழே தையல் போட்டார்கள். அந்தத் தையல் இப்படித்தான் வளையும்.

"கைடு சார்? அப்புறம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அடுத்தது கிணறு" என்றான்.

நடந்தான். கூட்டத்துக்கு அடையாளமான சின்னக் கொடியை உயர்த்திப் பிடித்திருந்தான். வழியில் தெரிந்ததெல்லாம் ஆயுதமாகத் தெரிந்தது: பழக்கடையின் கத்தி, தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்த கல், பெயர்ந்து கிடந்த நடைபாதைக் கம்பி. முதுகுக்குப் பின்னால் சிற்பியின் சிரிப்பு கேட்டுக்கொண்டே வந்தது. அந்தக் கழுத்து எவ்வளவு அகலம் என்று யோசித்துக்கொண்டு நடந்தான். கிணற்றடியில் நின்று அவன் பாட்டுக்கு என்னவோ சொன்னான். எந்தக் கொலையை எந்தச் சிற்பத்துக்குச் சொன்னோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. யாரும் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

சங்கத்தார் சிற்பியைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்கள். வழிகாட்டி பட்டறைக்குப் போனான். கீழே பட்டறை, மேலே வீடு. உலை அணைந்திருந்தாலும் உள்ளே அனல் இருந்தது. தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து, புதிதாக வார்த்த ஒரு கையின் மேல் ஒட்டியிருந்த அச்சுமண்ணைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் முடிஞ்சுதா?" என்றாள், நிமிராமல்.

அவன் உதிர்ந்த மண்ணைத் தாண்டி எதிரே போய் நின்றான்.

"பாப்பா, அந்த முதுகு…"

"அதுக்கென்ன? அதான் தினமும் காட்டிட்டு இருக்கியே."

"எனக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அது நீன்னு தெரியாது."

சுத்தியல் நின்றது. அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சும்மா கதை விடாத. ஒரு நாள் வந்து தூண் பின்னாடி நின்னு கேட்டேன். ஊரே ஒரு பொம்பளைன்னு சொன்ன. மிதிச்சுட்டுப் போனான்னு சொன்ன. யாரும் காப்பாத்த வரலைன்னு சொல்லும்போது உன் குரல் நடுங்குச்சு."

"அந்த இடத்துல எப்பவும் நடுங்க வைப்பேன். கூட்டத்துக்குப் பிடிக்கும்."

கையிலிருந்த சுத்தியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றாள் கடைசியில். "அண்ணனுக்குத் தெரியும். தெரிஞ்சும் அவனால முடிஞ்சது இவ்வளவுதான். ஊருக்கெல்லாம் சொல்லுவான், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டான். அதோட விட்டுட்டேன். கூடப் பொறந்தவனே இப்படின்னா அப்புறம் யாரைப் போய்க் கேக்குறது?"

"ஏன் உட்கார்ந்த அவனுக்கு?"

"காலையில அடிச்சான். சாயங்காலம் மாடல் வரலை. நீ உட்காருன்னான். வேணும்னேதான் உட்கார்ந்தேன். அவன்தான் மெழுகுல கை வைக்க மாட்டானே. யார் கண்ணுலயாவது படும்னு நெனச்சேன்." வெண்கலக் கையில் ஒட்டியிருந்த மண்ணை ஊதினாள். "எல்லாரும் தொட்டுட்டுப் போறாங்க."

"கிளம்பு. இப்பவே."

"போன தடவை வாசப்படி தாண்டினேன்." அவள் இடது கையை நீட்டிக் காட்டினாள். சுண்டுவிரல் மடங்காமல் குச்சி மாதிரி நின்றது. "அடுத்த தடவை உலையில உன் தலையை வச்சிடுவேன்னு சொல்லியிருக்கான். செய்வான்ணா. அவன் சொன்னா செய்வான்."

வாசலில் நிழல் விழுந்தது. சிற்பி சாப்பாட்டுக்கு உட்காராமலேயே திரும்பியிருந்தான்.

"என்ன மச்சான், கிணத்துக்குப் போய் குதிரைக் கதை சொல்றீங்க?" என்றான். "வாய் குழறுதேன்னு பார்த்தேன். சரி, ஏதோ ஆயிடுச்சுன்னு வந்துட்டேன்." கதவைச் சாத்தினான்.

"இவளைக் கூட்டிட்டுப் போறேன், மாப்பிள்ளை."

"கூட்டிட்டுப் போறதுதானே உங்க பொழப்பு. கொடியைத் தூக்கிப் பிடிங்க, பின்னாடியே நடந்து வருவா."

வழிகாட்டி அதுவரை யாரையும் அடித்ததில்லை. வீசிய கை சிற்பியின் தோளில் பட்டு வழுக்கியது. சிற்பி உலை கிளறும் கம்பியை நிதானமாக எடுத்தான். முதல் அடி முன்கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் தனக்குள்ளிருந்து வருவது வழிகாட்டிக்கு வலியை விட ஆச்சரியமாக இருந்தது. அடுத்தது விலாவில். கீழே விழுந்த பிறகு பூட்ஸ் கால் வயிற்றில் இறங்கியது, பிறகு வாயில். உடைந்த பல்லோடு ரத்தத்தை விழுங்கினான். பழைய நகரங்களைப் பற்றி அவன் சொன்ன கதைகளில் இந்த உப்புச் சுவை ஒருநாளும் இருந்ததில்லை.

"பேசுங்க மச்சான். விளக்கம் சொல்லுங்க."

கம்பி தரையில் விழுந்தது. பெல்ட் உருவப்படுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேசையோரம் நின்ற தங்கையின் தோள்கள் தாமாகவே குறுகின. முதுகு வளைந்தது. சதுக்கத்தில் இருப்பது போலவே. தரையில் கிடந்தபடி அவன் அதைப் பார்த்தான். இத்தனை நாள் பார்க்காமல் காட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

பக்கிள் அவன் கன்னத்தைக் கிழித்தது. இன்னொன்று கழுத்தில். இன்னொன்று.

"தெரியாதாம்" என்று தங்கை சொன்னாள்.

சிற்பி திரும்பினான். "என்னடி?"

"அண்ணனுக்குத் தெரியாதாம்." அவள் சிரித்தாள். சிரிப்பா என்றும் சொல்ல முடியாத ஒரு சத்தம். குறுகியிருந்த தோள்கள் நிமிர்ந்துகொண்டிருந்தன. "தெரிஞ்சதும் வந்துட்டான் பாரு."

சிற்பிக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையில் பெல்ட் தொங்க, மறுகையை வேலை மேசையில் ஊன்றிக்கொண்டு, என்ன உளறுகிறாள் என்று அவளைப் பார்த்தான். ஊன்றிய கையின் மேல் அவள் சுத்தியல் இறங்கியது.

அவன் கத்தவில்லை, முதலில் வாய் மட்டும் திறந்தது. கையை இழுப்பதற்குள் இரண்டாவது அடி விழுந்தது. அப்போதுதான் கத்தினான். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். விரல்கள் வேறு வேறு திசையில் கிடந்தன. அவள் சுத்தியலை மறுபடி ஓங்கினாள். இப்போது அவன் தலைக்கு நேராக.

'போதும்' என்று வழிகாட்டி சொல்லியிருக்கலாம். வாயில் ரத்தம் இருந்தாலும் அந்த ஒரு சொல் வந்திருக்கும். அவன் சொல்லவில்லை. விழட்டும் என்று காத்திருந்தான். அந்த நொடியில் அவனும் கல்லைச் சுற்றி நின்று கழுத்தைப் பார்க்கிற கூட்டத்தில் ஒருவனாக இருந்தான்.

அவள் ஓங்கிய கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு சுத்தியலை மேசை மேல் வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

"நடக்க முடியுமா?" என்றாள் அண்ணனிடம்.

முடிந்தது. அவள் தோளில் சாய்ந்து தெருவில் நடந்தான். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு பெண் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். புது ரத்தத்தை யாரும் நின்று பார்க்கவில்லை.

காவல் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். உள்ளே யாரிடமோ வண்டி கொண்டுவரச் சொன்னார். பட்டறையில் ஒருவன் கை நசுங்கிக் கிடக்கிறான் என்ற செய்தி அவர்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தது.

"யார் யாரை அடிச்சது?"

"நான்தான்" என்றான் வழிகாட்டி, துண்டை வாயிலிருந்து எடுத்து. "அவன் கையை உடைச்சது நான்தான். என்ன நடந்துச்சுன்னா…"

"எங்கண்ணனுக்குப் பேசத்தான் தெரியும்" என்றாள் தங்கை. "அடிச்சது நான். நீ கொஞ்சம் சும்மா இருண்ணா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "முதல்லேருந்து சொல்றேன் மேடம். கொஞ்சம் நேரமாகும்."

"ஆகட்டும்" என்றார் அதிகாரி.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். குரல் எந்த இடத்திலும் நடுங்கவில்லை.